திறவாத கதவும் தேய்ந்த கல்லும்

(திருக்குடமுழுக்கை முன்னிட்டு நடைபெற்ற சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் நேற்றுப் பேசியவர் சிவாகமங்களைத் துறைபோகக் கற்றவர். நாளை பேச இருப்பவர் திருமுறைகளை நெஞ்சில் தேக்கியவர். இவ்விருவருக்கும் இடையே என்னை நிறுத்தியிருக்கிறீர்கள். இரண்டு யானைகளுக்கு நடுவே நடந்து போகும் ஆட்டுக்குட்டியின் நிலை என் நிலை. ஆகமத்தையோ சாத்திரத்தையோ எடுத்துரைக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆயினும் எனக்கு ஒரு பித்து உண்டு. பொருள் விளங்காத பழம்பொருள் எங்கே கிடக்கிறது என்று கேள்விப்பட்டாலும் அங்கே போய் நிற்கும் பித்து அது. கதவு பூட்டிய கோயில், தலையிழந்த சிலை, எழுத்துத் தேய்ந்த கல், காரணம் மறந்துபோன ஒரு வழக்கம் ஆகிய இவற்றைக் கண்டால் எனக்குக் கால் நகராது. பேருந்தைத் தவறவிட்டு, வீட்டாரிடம் வசை கேட்ட நாட்கள் பல. அந்தப் பித்தைத்தான் இன்று உங்கள்முன் அவிழ்த்துக் காட்டப் போகிறேன். பொறுத்தருள்க.

இந்தப் பித்து எனக்குத் தொற்றிய இடம் தேவதானப்பட்டி. மஞ்சளாற்றங்கரையில் மூங்கிலணைக் காமாட்சி அம்மன் கோயில் இருப்பதை இங்குள்ள தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாசி மகாசிவராத்திரிக்கு நம் பள்ளத்தாக்கே திரண்டு போகும் கோயில் அது. ஆற்றில் மிதந்து வந்த அன்னையை மூங்கிற்புதர் அணைத்து நிறுத்தியது. ஆதலின் மூங்கிலணை என்பது வழிவழி வரும் கதை. ஆனால் அந்தக் கோயிலின் பெருவியப்பு வேறு. அங்கே கருவறைக் கதவு திறப்பதில்லை. தீபாராதனை கதவுக்குத்தான். கற்பூர ஒளி கதவின்மேல் விழுகிறது. மக்கள் கதவைப் பார்த்துக் கைகூப்புகிறார்கள். உடைக்காத தேங்காயும் உரிக்காத வாழைப்பழமும் படைப்பது அங்குள்ள வழக்கம். அடியார் காணிக்கையாகத் தரும் நெய் குடங்குடமாக நிறைந்திருக்கும். அதனை எறும்பு அண்டுவதில்லை என்பர்.

நான் எட்டு வயதுச் சிறுவனாக அப்பத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவின்முன் முதன்முதலில் நின்றேன். கூட்டம் நெருக்கியது. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கதவின் இடுக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். "அப்பத்தா, உள்ளே எப்படி இருப்பார்கள்?" என்று கேட்டேன். "அவளுக்கு நம்மைத் தெரியும்டா. பேசாமல் கும்பிடு" என்றார். அவருக்கு அந்த விடை நிறைந்திருந்தது. எனக்கு நிறையவில்லை. இன்றும் அந்தக் கதவைத் திறந்து பார்க்க வேண்டும் என்னும் விருப்பம் எனக்கு இல்லை. ஆனால் அந்தக் கதவு ஏன் மூடியது, என்று மூடியது என்னும் கேள்வி என்னை விட்டபாடில்லை. வணங்குவதும் வினவுவதும் ஒரு நெஞ்சிலேயே குடியிருக்கலாம் என்பதை அன்றுமுதல் என் வாழ்வில் கண்டு வருகிறேன். வினவுகிறவனுக்குப் பக்தி இல்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்களோடு வாதிட எனக்கு நேரம் இல்லை.

உத்தமபாளையத்திற்குப் போவோம். ஊர்ப்புறத்தே கருப்பண்ணசாமி கோயிலை ஒட்டிய பாறையைப் பார்த்திருப்பீர்கள். காவல் தெய்வத்தின் ஆட்சி நடக்கும் இடம். அரிவாளும் மணியும் குதிரையும் நம் மனத்தில் தோன்றும். ஆனால் பாறையை நிமிர்ந்து பாருங்கள். ஆடையின்றி, அசைவின்றி, கண் தாழ்த்தி, வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள் நிற்கிறார்கள், அமர்ந்திருக்கிறார்கள். அருகே வட்டெழுத்துப் பொறிப்புகள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சமணப் பள்ளி அது. அச்சணந்தி என்னும் சமணப் பெரியாரின் பெயர் அங்கே காணப்படுகிறது. ஆனைமலையிலும் அழகர்மலையிலும் பாறைகளில் திருமேனிகளைச் செய்வித்த அதே அச்சணந்தி இந்த மலையடிவாரத்திற்கும் வந்து தம் பெயரை விட்டுச் சென்றிருக்கிறார்.

எறும்புக்கும் இன்னல் செய்யாத அருகர்கள் ஒருபுறம். கிடாவெட்டுக் கொள்ளும் கருப்பர் மறுபுறம். இவர்கள் ஒரு பாறையைப் பங்கிட்டுக்கொண்டு பல நூற்றாண்டுகளாகப் பகையின்றி வாழ்கிறார்கள்! சமண முனிவர்கள் மறைந்தபின் அந்தப் பாறையைக் காத்தவர் யார் என எண்ணிப் பாருங்கள். கல்லுடைப்பவன் உளியோடு வந்தால், 'இது கருப்பர் இடம். கை வைத்தால் கை விளங்காது' என்னும் அச்சம் அவனைத் திருப்பி அனுப்பியிருக்கும். தொல்பொருள் துறை தோன்றுவதற்கு முன்னர் நம் நாட்டில் தொல்பொருள் காத்தவர்கள் கருப்பரும் முனியாண்டியும்தாம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கை என்றேனே அன்றிப் பொய் என்று சொல்லவில்லை.

இனிச் சின்னமனூர். இதன் பழம்பெயர் அரிகேசரிநல்லூர். அங்கே எழுந்தருளியிருக்கும் பூலாநந்தீசுவரரை, அளவுக்கு அளவானவர் என்று நம் மக்கள் அன்போடு அழைப்பர். பூலாஞ்செடிகள் அடர்ந்த காட்டில் பால்காரன் ஒருவனின் கால் நாள்தோறும் ஒரே இடத்தில் இடறிப் பால் கொட்டியது. அரசன் வந்து வெட்டச் செய்தபோது குருதி பெருகியது. இலிங்கம் வான்நோக்கி வளர்ந்தது. இராசசிங்க பாண்டியன் ஓடிச்சென்று தழுவிக்கொண்டு வேண்ட, அவனது உயரத்திற்கு இறைவன் குறுகினான். அவன் மார்பணியும் கைவளையும் பதிந்த தழும்பு இன்றும் திருமேனியில் உண்டு. இது தலவரலாறு. கேட்கும்போதெல்லாம் உள்ளம் குழைகிறது. தழுவக் குழைந்த தெய்வத்தின் கதை காஞ்சியிலும் உண்டு. ஆனால் அங்கே தழுவியவள் உமையம்மை. இங்கே தழுவியவன் மண்ணாளும் மனிதன்.

அந்தச் சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளை வரலாறு கற்றோர் அறிவர். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்மனின் பெரிய செப்பேடு அவற்றுள் தலையாயது. வடமொழியும் தமிழும் கலந்தது. தமிழ்ப்பகுதி வட்டெழுத்தில் அமைந்தது. தன் முன்னோர் மாபாரதத்தைத் தமிழாக்கியதையும் மதுரையில் சங்கம் நிறுவியதையும் அந்த அரசன் அதில் பெருமையோடு குறிக்கிறான். போரில் வென்ற நாடுகளின் வரிசையோடு, மொழிக்குச் செய்த தொண்டினையும் ஒரு குலத்தின் வெற்றியாகச் செப்பில் பொறித்தது எத்தகைய உள்ளம்! அந்தப் பழம் பாரதம் நம் கைக்கு வரவில்லை. சங்கம் இருந்ததா என்று அறிஞர் வழக்காடும்போதெல்லாம் நம் சின்னமனூர்ச் செப்பேடு சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறது.

இராசசிம்மன் என்ன ஆனான்? முதற் பராந்தக சோழனிடம் தோற்றான். இலங்கைக்கு ஓடினான். அங்கும் உதவி கிட்டாமையால், தன் குலமுடியையும் அரசணிகளையும் அங்கேயே வைத்துவிட்டுத் தாயின் நாடாகிய சேரநாட்டிற்குப் போய்விட்டான். இதனைச் சொல்வது இலங்கையின் வரலாற்று நூல். அந்த முடியைப் பெறப் பராந்தகன் முயன்றும் இயலவில்லை. நூறாண்டு அளவில் கழிந்தபின் முதலாம் இராசேந்திரன் ஈழத்தை வென்று அதனைக் கைக்கொண்டான். தன் மெய்க்கீர்த்தியில் அதனைப் பாடவும் செய்தான். தலவரலாற்று இராசசிங்கனும் செப்பேட்டு இராசசிம்மனும் ஒருவரே என்று பெயர் ஒன்றாக இருப்பதைக் கொண்டு மட்டும் நான் சாதிக்க மாட்டேன். ஆயினும் பூலாநந்தீசுவரர் சன்னிதியில் நிற்கும்போது, முடியை இழந்து கடல் கடந்து ஓடிய அந்த மனிதனின் நினைவு எனக்கு வராமல் போவதில்லை. முடியை அயல்நாட்டில் விட்டான். மார்பின் தழும்பை நம் ஊரில் விட்டான் என்று என் நெஞ்சம் கதை கட்டிக்கொள்கிறது. கதை என்று அறிந்தே கட்டுகிறேன்.

வீரபாண்டியில் கண்ணொளி இழந்த பாண்டியன் கௌமாரியருளால் ஒரு கண்ணும், கண்ணீசுவரமுடையார் அருளால் மறுகண்ணும் பெற்ற கதையும், குச்சனூர்ச் சனீசுவரர் கதையும், சுருளிமலைக் குகைகளின் கதையும் விரித்தால் பெருகும். நேரம் கருதி விடுகிறேன். நான் நின்று பேச விரும்பும் இடங்கள் இரண்டு. ஒன்று ஆண்டிபட்டிக்கு அண்மையில் வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பை. மற்றொன்று நம் கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறை மலையில் உள்ள மங்கலதேவி கோட்டம்.

2006ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் புலிமான்கோம்பையில் மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். தமிழ் பிராமி எழுத்துகள் பொறித்த நடுகற்கள். அதுவரை தமிழ்நாட்டில் கிடைத்த நடுகற்களிலெல்லாம் இவை காலத்தால் மூத்தவை. கிறித்து பிறப்பதற்கு முற்பட்டவை. சங்கப் பாட்டில் நடுகல்லைப் பற்றிப் படித்திருந்தோம். பெயரும் பீடும் எழுதிய கல் என்று புலவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் எழுத்தோடு கூடிய சங்ககால நடுகல் ஒன்றும் கண்ணில் படாமையால், அது புலவர் புனைவோ என்று ஐயுற்றோரும் இருந்தனர். அந்த ஐயத்தை வைகைக் கரைக் கல் தீர்த்துவிட்டது. ஒரு கல் சொல்லும் செய்தி இது: பேடு என்னும் ஊரினனாகிய தீயன் அந்தவன் கூடலூர் ஆகோளில் பட்டான். அவ்வளவே. அவன் மன்னன் அல்லன், வள்ளல் அல்லன், எந்தப் புலவனும் அவனைப் பாடவில்லை. ஆநிரை கவர்ந்த பூசலில் உயிர்விட்ட ஓர் ஊரான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அவன் பெயரை நாம் இன்று சொல்கிறோம்!

ஆகோள் என்னும் சொல்லைக் கவனியுங்கள். தொல்காப்பியத்து வெட்சித்திணையில் பயிலும் சொல் அது. இலக்கணப் புலவனும், ஊர்க் கற்றச்சனும் ஒரே சொல்லைக் கையாண்டிருக்கிறார்கள். கல்லாடத் தெரிந்தவர்களுக்கு மட்டும் உரியது இலக்கணம் என்று நினைத்திருந்த எனக்கு இது பேரிடி. கூடலூர் எந்தக் கூடலூர்? இரண்டு நீர் கூடும் இடத்திலெல்லாம் ஒரு கூடலூர் உண்டு. கம்பத்திற்குத் தென்மேற்கே மலையடியில் இருக்கும் நம் கூடலூர்தான் என்று என் ஆசை சொல்கிறது. ஆசை சான்று ஆகாது. ஆகவே அதனை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

நடுகல் நடுவதற்குத் தொல்காப்பியர் ஒரு முறை வகுக்கிறார். ஏற்ற கல்லைக் காண்பது காட்சி. அதனைக் கொள்வது கால்கோள். நீராட்டுவது நீர்ப்படை. நடுவது நடுகல். பெரும்படை சிறப்புச் செய்வது. இறுதியில் வாழ்த்துவது. இப்போது சிலப்பதிகாரத்து வஞ்சிக்காண்டத்தை நினைவு கூருங்கள். அதன் காதைகளுக்கு என்ன பெயர்? காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து! பெயரறியாத ஆகோள் வீரனுக்குச் செய்த அதே சடங்கினைத்தான் இமயத்திலிருந்து கல் கொணர்ந்து கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் செய்கிறான். பொதியமலைக் கல்லைக் காவிரியில் நீராட்டலாமா, இமயக் கல்லைக் கங்கையில் நீராட்டலாமா என்று ஆராய்ந்து, பின்னதே தன் மறத்திற்குத் தக்கது எனத் துணிகிறான். நாம் இப்போது எடுக்கின்ற குடமுழுக்குக்குக் கங்கை நீரும் காவிரி நீரும் குடங்களில் வந்திருப்பதை யாகசாலையில் பார்த்தேன். ஆகமம் வேறு, நடுகல் மரபு வேறு என்பதை அறியாதவன் அல்லேன். எனினும் கல்லை நீராட்டித் தெய்வமாக்கும் கை ஒன்றே என்று அந்தக் குடங்களின் அருகே நின்றபோது எனக்குத் தோன்றிற்று.

மதுரையை எரித்தபின் கண்ணகி எங்கே போனாள்? கணவனோடு கீழைவாயிலில் புகுந்தவள் மேலைவாயிலில் தனியே வெளியேறுகிறாள். கொற்றவை கோயில் வாயிலில் பொன்வளையை உடைத்தெறிகிறாள். இரவென்றும் பகலென்றும் பாராமல் வைகையின் கரைவழியே நடக்கிறாள். நெடுவேள் குன்றம் ஏறி வேங்கை மரநிழலில் நிற்கிறாள். பதினான்காம் நாள் கோவலன் வானவரோடு வந்து அழைத்துச் செல்கிறான். இதைக் கண்ட குன்றவர், பேரியாற்றங்கரையில் தங்கியிருந்த செங்குட்டுவனிடம் போய்ச் சொல்கிறார்கள்.

மதுரையின் மேற்குவாயிலில் நின்று வைகையை எதிர்த்து நடந்து பாருங்கள். ஆறு உங்களை எங்கே கொண்டு சேர்க்கும்? நம்மிடந்தான் சேர்க்கும். வைகை வருசநாட்டு மலையில் பிறக்கிறது. தேனிக்கு அண்மையில் நம் சுருளியாற்றோடும் முல்லையாற்றோடும் கலந்த நீர் அதனோடு சேர்கிறது. அந்த நீரின் வழியே மேலும் நடந்தால் கம்பம், அப்பால் கூடலூர், அப்பால் மலை. மலையின் மறுபக்கம் பேரியாறு. 1895ஆம் ஆண்டில் அந்தப் பேரியாற்றின் நீரை மலையைக் குடைந்து நம் பக்கம் திருப்பியதால் நம் வயல்கள் விளைகின்றன. காப்பியத்தில் செய்தி இப்பக்கத்திலிருந்து அப்பக்கம் போயிற்று. பிற்காலத்தில் நீர் அப்பக்கத்திலிருந்து இப்பக்கம் வந்தது.

தமிழறிஞர் சி. கோவிந்தராசனார் ஏட்டோடு நின்றாரில்லை. பூம்புகாரிலிருந்து கண்ணகி நடந்த வழியைக் காலாலேயே அளந்து நடந்து, 1963ஆம் ஆண்டில் இந்த மலையுச்சிக் கோயிலே கண்ணகி கோட்டம் என்று அறிவித்தார். அதற்கு முன்னும் மக்கள் அங்கே போய் வணங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். மங்கலதேவி என்று அழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். மங்கல மடந்தை கோட்டம் என்னும் பெயர் சிலப்பதிகாரத்து வரந்தரு காதையில் வருவதை அவர்கள் படித்தார்களா என்ன? பெயரை மக்கள் வாய் காத்தது. பொருளை ஒரு புலவர் மீட்டார்.

மறுப்பும் உண்டு. அதனை மறைத்தால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். அந்தக் குன்றம் திருச்செங்கோடே என்று கொள்வோர் பழங்காலத்திலேயே இருந்தனர். அடியார்க்குநல்லார் திசையையும் தொலைவையும் எடுத்துக்காட்டி அதனை மறுக்கிறார்: மலைவளம் காணப் போன அரசன் அன்றே வஞ்சிக்குத் திரும்பியிருக்க, அத்தனை தொலைவில் உள்ள மலை அதுவாக இருப்பது எங்ஙனம் என்பது அவர் வினா. அருமையான வினா! ஆனால் அதே கோலை நம் மலைக்கும் வைத்து அளக்க வேண்டுமன்றோ? வஞ்சி கொடுங்கல்லூர்ப் பக்கத்தில் இருந்தது எனக் கொண்டால் நம் மலையும் ஒருநாள் வழியில் இல்லை. நம் ஊர் என்பதற்காகச் சான்றை வளைத்துக் கட்டுவது தேவிக்குச் செய்யும் தொண்டு ஆகாது. நீதி கேட்டு ஊரை எரித்தவள் அவள். வைகைக்கரை வழி நமக்குச் சார்பு. ஒருநாள் வழி நமக்கு எதிர். இரண்டையும் கையில் ஏந்திக்கொண்டே நான் மலை ஏறுகிறேன்.

சித்திரை முழுநிலா ஒரு நாள் மட்டுமே அங்கே போக இசைவு உண்டு. பெரியாறு புலிகள் காப்பகத்தின் நடுவே இருக்கிறது கோயில். தேனி மாவட்டத்தாரும் இடுக்கி மாவட்டத்தாரும் கலந்து பேசி அந்நாளுக்கு ஏற்பாடு செய்கிறார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். நான் பளியன்குடி வழியே நடந்து போனேன். முதலில் மரச்செறிவு, பிறகு ஆளுயரப் புல். கடல்மட்டத்திற்கு மேல் 1,300 மீட்டருக்கும் மிகுந்த உயரம். மூச்சு வாங்கியது. என் முன்னே ஒரு மூதாட்டி வெறுங்காலோடு ஏறிக்கொண்டிருந்தார். "பாட்டி, எத்தனை முறை வந்திருக்கிறீர்கள்?" என்றேன். "எண்ணவா வந்தேன்?" என்றார். அதன்பின் நான் வாய் திறக்கவில்லை.

உச்சியில் கண்ட காட்சியை எப்படிச் சொல்வேன்! கோட்டம் சிதைந்து கிடக்கிறது. சரிந்த மதில், கூரையிழந்த மண்டபம், கல்லிடுக்கில் வேர்விட்ட செடி. கல்வெட்டுகளின்மேல் பாசி. ஆண்டு முழுதும் யானையும் காட்டெருதும் வலம்வரும் பிராகாரத்தில் அன்று ஒருநாள் மனிதர் வலம்வருகின்றனர். கீழே நம் பள்ளத்தாக்கு முழுவதும் பச்சைப்பட்டு விரித்தாற்போல் தெரிகிறது. மேலே வரும் பெண்களுக்கு மஞ்சட் கயிறும் வளையலும் தருகிறார்கள். மதுரையில் வளையை உடைத்தவளின் வாசலில் இங்கே வளையல் வழங்குகிறார்கள்! இதனைத் தொடங்கிவைத்தவர் எவரோ, அவர் இளங்கோவடிகளின் உள்ளம் அறிந்தவர். நான் ஒரு வளையல் வாங்கி வந்து என் இல்லாளிடம் கொடுத்தேன். அவள் அதனை அணியாமல் பூசையறையில் வைத்துவிட்டாள்.

கடல் கடந்தும் இவள் கோயில் கொண்டிருக்கிறாள். செங்குட்டுவன் விழாவுக்கு வந்த வேந்தருள் இலங்கைக் கயவாகு ஒருவன். இன்றும் ஈழத்து மட்டக்களப்புத் தமிழர் வைகாசியில் கண்ணகிக்குக் குளிர்த்தி பாடுகின்றனர். எரித்தவளின் சினத்தைக் குளிர்விக்கும் சடங்கு அது. முல்லைத்தீவு வற்றாப்பளையில் கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கம் உண்டு. சிங்களர் அவளைப் பத்தினி தெய்வம் என்று போற்றுகின்றனர். அத்தனை பேருக்கும் தாயானவளின் மலைக்கோட்டம் இங்கே மரவேரின் பிடியில் கிடக்கிறது. எல்லை யாருடையது என்னும் வழக்கு இரு மாநிலங்களுக்கு இடையே நீண்டுகொண்டிருக்க, கல் சரிவதற்கு வழக்குமன்றத்தின் ஆணையை எதிர்பார்த்து நிற்பதில்லை.

இவ்வளவும் சொன்னேன். இனி என்னைப் பற்றிய ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். சொல்ல நா கூசுகிறது.

எங்கள் பூர்வீக ஊரில், வாய்க்கால் மடைக்கு அருகே ஒரு பலகைக்கல் சாய்ந்து கிடந்தது. ஊர் முழுதும் அதனை அரிவாள் தீட்டும் கல் என்றே அறியும். அறுவடைக் காலத்தில் விடியலில் அதைச் சுற்றி ஆள் நிற்பார்கள். பதின்மூன்று பதினான்கு வயதில் நானும் அதில் அரிவாள் தீட்டியிருக்கிறேன். கல்லின்மேல் வளைவு வளைவாகச் சில கீறல்கள் இருந்தன. அரிவாளின் முனை அவற்றில் மாட்டிக்கொள்ளும், எரிச்சலாக இருக்கும். மாட்டாமல் இருப்பதற்காக அந்த இடத்தையே மேலும் அழுத்தித் தேய்ப்போம். பின்னர்க் கல்லூரியில் படிக்கும்போது, வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்றன் மைப்படியை ஆசிரியர் சுவரில் விரித்துக் காட்டினார். அந்த வளைவுகளைக் கண்டதும் என் கை நடுங்கத் தொடங்கிற்று. விடுமுறைக்குக் காத்திராமல் அன்றிரவே ஊருக்குப் போனேன். மடையைச் செப்பனிட்டிருந்தார்கள். கல் இல்லை. உடைத்துச் சாலைக்கு ஜல்லியாகப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அந்தச் சாலையில் இன்றும் நான் போய்வருகிறேன். அதில் ஒரு தீயன் அந்தவன் இருந்தானோ, ஏரிக்கு நிலம் விட்ட ஓர் ஏழைக் கைம்பெண் இருந்தாளோ! யாராயினும், அவர் பெயரில் சில எழுத்துகளைத் தேய்த்தழித்தது இந்தக் கை.

ஆகையால் திருப்பணி நடக்கும் கோயில்களுக்கு நான் போகும்போது கோபுரத்து வண்ணத்தைப் பார்ப்பதில்லை. கழித்துப்போட்ட கற்குவியலைத்தான் பார்க்கிறேன். குடமுழுக்கு என்னும் நற்பெயரால் நடக்கும் அழிவுகள் பலவற்றைக் கண்டிருக்கிறேன். ஊர் சொல்ல மாட்டேன். ஓரிடத்தில் கல்வெட்டுத் தூணின்மேல் எண்ணெய் வண்ணம் பூசியிருந்தார்கள். வேறோரிடத்தில் மணலைக் காற்றோடு பீய்ச்சித் தூய்மை செய்து, ஆயிரம் ஆண்டு எழுத்தை ஒரு பகலில் மொழுமொழுவென்று ஆக்கியிருந்தார்கள். இன்னோரிடத்தில் எழுத்துக்கல்லைக் குப்புறப் போட்டுத் தளவரிசையாக்கி, அதன்மேல் பளிங்கு ஒட்டியிருந்தார்கள். செய்தவர் யாவரும் பக்தர்கள். ஈசனுக்கு அழகு செய்கிறோம் என்றே செய்தார்கள். ஆனால் அந்த எழுத்துகள் என்ன? ஆடு கொடுத்தவன், விளக்கு வைத்தவள், நிலம் விட்டவன் ஆகிய இவர்கள் இறைவனிடம் தந்த விண்ணப்பங்கள். சூரிய சந்திரர் உள்ளவரை என்று நம்பிக் கொடுத்தவர்கள். நன்கொடையாளர் பெயர்ப்பலகையைப் புதிதாகப் பதிப்பதற்காகப் பழைய நன்கொடையாளர் பெயரைச் செதுக்கி எறிவது எந்த ஆகமத்தில் உளது?

மைப்படி எடுப்பது அரிய வித்தை அன்று. கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் மெல்லத் தட்டினால் தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும்; காய்ந்தபின் மையொற்றினால் மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாய் எழும். 1886ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹூல்ஷ் அரசுக் கல்வெட்டாய்வாளராக அமர்ந்து இந்தப் பணியைத் தென்னாட்டில் முறையாகத் தொடங்கினார். அந்தக் காலத்தில் படியெடுத்த கற்களுள் இன்று கல் போய்ப் படி மட்டும் நிற்பவை உண்டு. நம் பாட்டன் பெயரை அயல்நாட்டார் ஒருவர் தாளில் ஒற்றிக் காப்பாற்ற, நாம் கல்லை உடைத்திருக்கிறோம்.

நம் கோயில் திருப்பணிக் குழுவினர் என்னை மன்னிக்க வேண்டும். தெற்குப் பிராகாரத் தளத்தைப் பெயர்த்தபோது வெளிப்பட்ட ஒரு பலகைக்கல், இப்போது மடைப்பள்ளிச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. நாலரையடி நீளம் இருக்கும். சமதளமான கல்; நந்தவனத்துப் படிக்கு அளவாகப் பொருந்தும் என்று கொத்தனார் சொன்னதையும், குழு அதனை எண்ணிப் பார்ப்பதையும் கேள்விப்பட்டேன். நேற்று மாலை நான் அதனைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தேன். மேல் ஓரத்தில் மூன்று வரி. உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் நேரே விழுந்தால் எழுத்து ஒளிந்துகொள்ளும். காலைக் கதிர் பக்கவாட்டில் விழும்போதுதான் பள்ளத்தில் நிழல் தங்கும். தொல்லியல் துறைக்கு எழுத வேண்டிய மடலை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். தலைவர் அவர்கள் கையொப்பமிட்டால் நாளையே அஞ்சலில் சேர்ப்பேன். அதுவரை அந்தக் கல்லைப் படியாக இட வேண்டாம் என்று உங்கள் அனைவரின் முன்னிலையிலும் வேண்டிக்கொள்கிறேன்.

நாளைக் காலை ஆறரை மணிக்கு நான் மடைப்பள்ளி வாசலில் இருப்பேன். பார்க்க விரும்புவோர் வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். இளங்கண்ணுக்கு எழுத்து விரைவில் பிடிபடும். ஒரு குடம் தண்ணீரும் தென்னந்துடைப்பமும் இருந்தால் போதும்.